பார்சலில் வந்த துப்பாக்கி... ஆம்லெட்டை வைத்து வாதாடிய அமெரிக்க உச்ச நீதிமன்றம்!

மேசை மீது முட்டை இருக்கிறது. பக்கத்திலேயே நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், இறைச்சித் துண்டுகள். இதை ஆம்லெட் என்று சொல்லலாமா?

சமையல் நிகழ்ச்சியில் வந்த கேள்வி அல்ல இது. 2024 அக்டோபர் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ, அரசு வழக்கறிஞர் எலிசபெத் பிரெலோகரைப் பார்த்துக் கேட்டது. ‘அந்தப் பொருட்களை வைத்து வேறு எத்தனையோ சமைக்கலாம். அதனால் அது ஆம்லெட் ஆகாது’ என்ற பொருளில் பதில் சொன்னார் பிரெலோகர். உடனே நீதிபதி ஏமி கோனி பாரெட் குறுக்கிட்டார். ஒரு நிறுவனம் சமையலுக்குத் தேவையான அத்தனையையும் அளந்து, ஒரே பெட்டியில் போட்டு, வீட்டுக்கே அனுப்பினால்? அப்போதும் அதே பதில்தானா? ‘அப்போது பதில் மாறும்’ என்றார் பிரெலோகர்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது ஆம்லெட் அல்ல, துப்பாக்கி. பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு விற்றால், விற்கப்படுவது பாகங்களா, துப்பாக்கியா? இந்த ஒரு கேள்விக்கான விடையில் பல உயிர்கள் அடங்கியிருந்தன.

வீட்டிலேயே துப்பாக்கியா?

அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் துப்பாக்கி செய்துகொள்வதை மத்திய சட்டம் தடுப்பதில்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும், விற்பனைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. நமக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அவர்களுக்கு இது பழைய வழக்கம்.

18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய கொல்லர்கள், நீண்ட குழல் கொண்ட ரைஃபிள்களைத் தங்கள் பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். குழல், மரக்கட்டை, விசை எல்லாமே கைவேலை. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பாகம் உடைந்தால் மறுபடியும் கொல்லரிடம்தான் போக வேண்டும்.

இதை மாற்றும் யோசனை பிரான்ஸிலிருந்து வந்தது. 1785-இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஓனோரே பிளாங்க் என்பவரின் பட்டறைக்குப் போனார். அங்கே துப்பாக்கி விசையின் பாகங்கள் குவியல் குவியலாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஜெஃபர்சன் ஒவ்வொரு குவியலிலிருந்தும் கைக்கு வந்ததை எடுத்துத் தானே பொருத்திப் பார்த்தார். அத்தனையும் கச்சிதமாகப் பொருந்தின! வியந்துபோன அவர், அதைப் பற்றி ஊருக்குக் கடிதமும் எழுதினார்.

அடுத்த அரை நூற்றாண்டில் அமெரிக்க அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் அந்தக் கனவை நனவாக்கின. தையல் மெஷின், கடிகாரம், சைக்கிள் என்று பிற்பாடு பலவும் அதே வழியில்தான் மலிவாகின. எந்தப் பாகமும் எதற்கும் பொருந்தும் என்ற அந்த வசதிதான், இன்று வீட்டில் உட்கார்ந்து துப்பாக்கி பூட்டுகிறவர்களுக்கும் கைகொடுக்கிறது.

பொம்மைக் கட்டைகள் மாதிரி!

அமெரிக்காவில் ‘வீட்டில் பூட்டிய ரைஃபிள்’ என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ஏ.ஆர்.15. ‘ஏ.ஆர்.’ என்பதைத் தாக்குதல் துப்பாக்கி என்பதன் சுருக்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆர்மலைட் ரைஃபிள் என்பதன் சுருக்கம். ஆர்மலைட் என்பது கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு சிறிய நிறுவனம். 1950-களில் அங்கே பொறியாளராக இருந்த யூஜீன் ஸ்டோனர், எஃகும் மரமும் கொண்டு கனமாகச் செய்யப்பட்டுவந்த ரைஃபிளை அலுமினியம், பிளாஸ்டிக் கொண்டு எடை குறைவாக வடிவமைத்தார். 1959-இல் அந்த வடிவம் கோல்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. ராணுவத்துக்கு அது எம்.16 ஆனது; வியட்நாம் போரில் சிப்பாய்களின் தோளில் தொங்கியது. தானாகச் சரமாரியாகச் சுடாத வடிவம் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

1977-இல் காப்புரிமை காலாவதியானது. அதன் பிறகு ஏராளமான நிறுவனங்கள் அதே அளவில் பாகங்கள் செய்யத் தொடங்கின. ஒரு கம்பெனியின் குழல், இன்னொரு கம்பெனியின் பிடி, மூன்றாவது கம்பெனியின் தோள்கட்டை என்று கலந்து பூட்டலாம். கம்ப்யூட்டருக்கு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனித்தனியாக வாங்குவது போல!

காசு மிச்சமாகுமா?

‘வீட்டில் செய்தால் மலிவு’ என்ற நினைப்பு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால், அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தையில் அது பெரும்பாலும் உண்மையல்ல. இந்த வகை ரைஃபிள், கடையில் முழுதாகவே சில நூறு டாலரிலிருந்து கிடைக்கிறது. பெரிய பெயர் வாங்கிய கம்பெனி என்றால் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று ஏறும். பாகம் பாகமாக வாங்குகிறவருக்கும் ஏறக்குறைய அதே அளவு கைவிட்டுப் போகும். அதற்கென்றே இருக்கும் கருவிகளின் விலை, செலவழிக்கும் நேரம், தவறாகப் பூட்டினால் வீணாகும் பாகம் எல்லாம் தனிக் கணக்கு. சரியாகப் பூட்டாத துப்பாக்கி, சுடுகிறவர் கையிலேயே வெடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

அப்படியானால் ஏன் செய்கிறார்கள்? பெரும்பாலானோருக்கு இது பொழுதுபோக்கு. பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டுவதில் ஒருவருக்குக் கிடைக்கும் அதே மகிழ்ச்சி. தன் கை அளவுக்கு, தன் தோள் உயரத்துக்கு ஏற்ற மாதிரி அமைத்துக்கொள்ளும் போட்டி வீரர்கள் இருக்கிறார்கள். அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து தாத்தா காலத்து மாடலைச் செய்து பார்க்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஆனால், மிகச் சிலருக்கு இந்த வழியில் வேறொன்று மிச்சமானது. அது காசு அல்ல... விசாரணை!

எந்தப் பாகம் துப்பாக்கி?

ஒரு துப்பாக்கியில் பல பத்துப் பாகங்கள். இதில் எதைச் சட்டம் ‘துப்பாக்கி’ என்று பிடித்துக்கொள்வது? குழலையா? விசையையா? அமெரிக்கச் சட்டம் ஒரே ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்தது. மற்ற பாகங்களையெல்லாம் தாங்கிப் பிடிக்கும் நடு உடல்தான் அது. பிஸ்டலில் ‘ஃபிரேம்’, ரைஃபிளில் ‘ரிசீவர்’ என்று பெயர். வண்டிக்குச் சேஸிஸ் எப்படியோ, அப்படி.

வரிசை எண் பொறிக்கப்படுவது அதன் மீதுதான். கடையில் வாங்கும்போது பின்னணி விசாரணை நடப்பதும் அதற்காகத்தான். குழலும் பிடியும் சாதாரண உதிரி பாகங்கள். அவற்றை யாரும் எதுவும் கேட்காமல் வாங்கலாம்.

ஓட்டை இங்கேதான் விழுந்தது. அந்த நடு உடலை முழுதாகச் செய்து முடிக்காமல், கொஞ்சம் வேலை பாக்கி வைத்து விற்றால்? ‘இது ரிசீவர் அல்ல, வெறும் உலோகத் துண்டு’ என்று விற்றவர்கள் சொன்னார்கள். எண் இல்லை, பெயர் கேட்கவில்லை, விசாரணை இல்லை. இணையத்தில் ஆர்டர் செய்தால் பார்சலில் வீட்டு வாசலுக்கே வந்தது. பாக்கி வேலையை வாங்கியவர் முடித்துக்கொண்டார். அப்படிப் பிறந்த துப்பாக்கிகளுக்குக் கிடைத்த பெயர், ‘பேய்த் துப்பாக்கி’. கண்ணுக்குத் தெரியும், ஆனால், அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

சி2766

‘எண்தானே, அதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு, 1963 நவம்பர் 22 ஒரு பதில்.

அன்று டல்லாஸ் நகரில் அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரே இருந்த புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியில் ஒரு பழைய இத்தாலிய ரைஃபிள் கிடைத்தது. அதில் பொறித்திருந்த எண் சி2766. அதைப் பிடித்துக்கொண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறக்குமதி செய்த நிறுவனத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து சிகாகோவில் இருந்த ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனார்கள். இரவோடு இரவாகக் கடைக்காரர்கள் பழைய மைக்ரோஃபிலிம் பதிவுகளைத் தேடினார்கள். பொழுது விடிவதற்குள் ஆர்டர் படிவம் கையில்!

அந்த ஆண்டு மார்ச் மாதம், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, ‘ஏ. ஹைடெல்’ என்ற பெயரில் ஒருவர் அஞ்சலில் வாங்கியிருந்தார். விலை, தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு ஒன்றரை டாலர். படிவத்தில் இருந்த கையெழுத்து, லீ ஹார்வி ஆஸ்வால்டுடையது. பெயர் பொய்யாக இருந்தும், எண் அவரைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு நாட்டின் அதிபரைக் கொன்ற ஆயுதம், 22 டாலருக்கும் குறைவான விலையில் தபாலில் வந்திருக்கிறது என்பது அமெரிக்கர்களை உலுக்கியது. ஆனாலும், சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும், கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகுதான், அதே ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பும் வியாபாரத்துக்குப் பூட்டு விழுந்தது. தயாரிக்கப்படும், இறக்குமதியாகும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் கட்டாயமானது.

அரை நூற்றாண்டு கழித்து, அஞ்சல் வேறு உருவில் திரும்பி வந்தது. இந்த முறை எண்ணே இல்லாமல்!

கடையில் ‘இல்லை’ என்றார்கள்... வீட்டில் செய்துகொண்டார்

2013 ஜூன். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா. 23 வயது இளைஞர் ஒருவர் தன் தந்தையையும் அண்ணனையும் சுட்டுவிட்டு, கல்லூரி வளாகம் வரை சுட்டுக்கொண்டே போனார். இறந்தவர்கள் 5 பேர். அவர் 2011-இல் துப்பாக்கி வாங்க முயன்று, அரசால் மறுக்கப்பட்டவர். மறுப்பு சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால், அவர் பாகங்கள் வாங்கித் தானே ரைஃபிள் பூட்டிக்கொண்டார்.

2017 நவம்பர் 14. அதே மாநிலத்தின் ரான்ச்சோ தெஹாமா. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்த ஒருவர், வீட்டில் செய்த ரைஃபிள்களோடு வெளியே வந்தார். 5 பேர் பலி. குழந்தைகள் இருந்த பள்ளிக்கும் போனார். ஊழியர்கள் சத்தம் கேட்டவுடன் கதவுகளைப் பூட்டியதால் பல பிள்ளைகள் தப்பினார்கள்.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பர் 14. சான்டா கிளாரிட்டாவில் உள்ள சாகஸ் உயர்நிலைப் பள்ளி. அன்று 16-ஆவது பிறந்த நாள் கொண்டாட வேண்டிய மாணவர், பையிலிருந்து பிஸ்டலை எடுத்தார். வெறும் 16 நொடி. 15 வயது மாணவியும் 14 வயது மாணவரும் இறந்தார்கள். மூன்று பேர் காயமடைந்தார்கள். சுட்டவரும் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த பிஸ்டல், பெட்டியில் வந்த பாகங்களால் ஆனது. வரிசை எண் இல்லை.

கடையில் துப்பாக்கி வாங்க 18, 21 என்று வயது வரம்பு இருக்கிறது. குற்றப் பின்னணி, குடும்ப வன்முறை, நீதிமன்றத் தடை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பெட்டிக்கு அந்தக் கண்கள் இல்லை.

எண்ணிக்கை எகிறியது

குற்ற இடங்களில் கிடைத்து, எங்கிருந்து வந்தது என்று கண்டறியக் காவல் துறையினர் மத்திய அரசுக்கு அனுப்பிய எண்ணற்ற துப்பாக்கிகள் 2017-இல் சுமார் 1,600. நான்கே ஆண்டுகளில், 2021-இல், அது 19,000-ஐத் தாண்டியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்ற கணக்கு இது.

2022 ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அதிபர் ஜோ பைடன் புதிய விதியை அறிவித்தார். சாகஸ் பள்ளியில் வயிற்றில் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்த மாணவி ஒருவரும் அன்று மேடையில் பேசினார். விதி சொன்னது எளிமையானது: சுலபமாகத் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பெட்டி, துப்பாக்கிதான். விற்பவருக்கு உரிமம் வேண்டும். எண் பொறிக்க வேண்டும். வாங்குபவரை விசாரிக்க வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும்.

கவனியுங்கள், வீட்டில் பூட்டுவதை விதி தடை செய்யவில்லை. கடையில் முழுத் துப்பாக்கி வாங்குகிறவர் பதில் சொல்லும் அதே கேள்விகளுக்குப் பெட்டி வாங்குகிறவரும் பதில் சொல்லட்டும் என்றது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற விசாரணைதான்.

விற்பனையாளர்களும் துப்பாக்கி உரிமை அமைப்புகளும் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ‘சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. அதிகாரிகள் தாங்களாகவே ஒரு சொல்லின் பொருளை நீட்டிக்கொண்டே போனால், நாளை எதையும் குற்றமாக்கலாமே?’ என்று கேட்டார்கள். டெக்சாஸ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன.

21 நிமிடம்

2025 மார்ச் 26 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகள் விதிக்கு ஆதரவு, இருவர் எதிர்ப்பு. தீர்ப்பை எழுதியவர், டிரம்ப் நியமித்த, பழமைவாதி என்று அறியப்படும் நீதிபதி நீல் கோர்சச். துப்பாக்கி விஷயத்தில் இப்படி ஒரு கூட்டணி அந்த நீதிமன்றத்தில் அபூர்வம்.

கோர்சச் மொழியை வைத்தே வாதிட்டார். பிரித்த நிலையில் பெட்டியில் வரும் மேசையையும் நாம் மேசை என்றுதானே சொல்கிறோம்? முழுதாக முடியாத கையெழுத்துப் பிரதியையும் எழுத்தாளர் ‘என் நாவல்’ என்றுதானே நண்பரிடம் கொடுக்கிறார்? ‘வாங்கு, பூட்டு, சுடு’ என்ற பொருள்படும் பெயரிலேயே பாலிமர்80 நிறுவனம் ஒரு பெட்டியை விற்றது. அதற்கு முன் அதைப் பார்த்தேயிராத ஒருவர், சாதாரணக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடத்தில் அதைத் துப்பாக்கியாக்கிவிட்டார் என்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது.

அதே நேரம், எல்லாப் பெட்டியும் எல்லா உலோகத் துண்டும் துப்பாக்கி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று விட்டது. நீதிபதிகள் கிளாரன்ஸ் தாமஸும் அலிட்டோவும் ஏற்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பது ‘ரிசீவர்’. ரிசீவராக ஆகக்கூடியது என்று அங்கே எழுதவில்லையே என்பது தாமஸின் வாதம்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே சந்தை மாறத் தொடங்கியிருந்தது. பாலிமர்80 மீது தொடுத்த வழக்கில் 2023-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு 50 லட்சம் டாலர் தர உடன்பாடானது. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், பிலடெல்பியா, பால்டிமோர் போன்ற நகரங்களில் இத்தகைய துப்பாக்கிகள் பிடிபடும் எண்ணிக்கை உயராமல் நின்றது அல்லது குறைந்தது என்று நீதிமன்ற ஆவணங்கள் கூறின.

அடுத்த பேய்

பிரச்னை முடிந்ததா என்றால், இல்லை. 2013-லேயே கோடி வில்சன் என்ற இளைஞர் ‘லிபரேட்டர்’ என்ற பிளாஸ்டிக் பிஸ்டலின் வரைபடத்தை இணையத்தில் போட்டார். அரசு தலையிட்டு எடுக்கச் சொல்வதற்குள், இரண்டே நாட்களில் ஒரு லட்சம் முறைக்கு மேல் அது தரவிறக்கப்பட்டிருந்தது. பெட்டியாவது ஒரு கடையிலிருந்து வர வேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குக் கடையே தேவையில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக உள்ள ஜப்பானிலேயே, 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபே, வீட்டில் செய்த துப்பாக்கியால்தான் கொல்லப்பட்டார்.

சட்டம் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. ஆனால், வழியைக் கடினமாக்க முடியும். ஆத்திரத்தில் இருப்பவருக்கும் ஆயுதத்துக்கும் நடுவே ஒரு கேள்வியை, ஒரு படிவத்தை, ஒரு நாளை வைக்க முடியும். அந்த இடைவெளியில் காப்பாற்றப்படும் உயிர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஓர் அலுவலகம் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் குற்றம் நடந்தாலும், அங்கே கிடைத்த துப்பாக்கியின் எண் இங்கேதான் வரும். துப்பாக்கி வைத்திருப்பவர்களின் தேசியப் பட்டியல் எதையும் வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால், ஊழியர்கள் தயாரித்த கம்பெனிக்குப் பேசுகிறார்கள், பிறகு மொத்த வியாபாரிக்கு, பிறகு கடைக்கு. மூடிப்போன கடைகளின் பழைய காகிதங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். கடைசியில், ஒரு பெயர் கிடைக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்துக்கு, ‘இது எப்படி நடந்தது?’ என்ற கேள்விக்கான முதல் பதில் அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது.

எண் இல்லாத துப்பாக்கி வந்தால், அந்த அலுவலகத்தில் யாருக்கும் போன் செய்ய முடியாது.